சிவசாகர் பேச்சில் வினைச்சொற்கள்: அசாமிய மொழி தொடங்குவோருக்கு

அசாமிய மொழி ஊருக்கு ஊர் மாறும். மேற்கே நல்பாரி, பர்பேட்டா பக்கம் காமரூபி வழக்கு; அங்கே முதல் அசையை அழுத்துவார்கள், நடு உயிர்கள் நசுங்கிவிடும். கிழக்கே, பழைய அகோம் அரசர்களின் தலைநகரான சிவசாகரின் பேச்சு வேறு. 1846இல் பாப்டிஸ்ட் மிஷனரிகள் அங்கிருந்துதான் 'அருணோதய்' இதழைக் கொண்டுவந்தார்கள். இன்றைய எழுத்து நடைக்கு அந்தக் கிழக்கு வழக்கே அடிப்படை என்பதால், நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஆட்களைப் பழகுங்கள்

மொய் (நான்), ஆமி (நாங்கள்), ஹி (அவன்), தாய் (அவள்). முன்னிலையில் மூன்று உண்டு: தம்பி, தங்கையிடமும் நெருங்கிய நண்பரிடமும் தொய், சமமானவரிடம் துமி, பெரியவரிடமும் புதியவரிடமும் ஆப்புனி. குழப்பமாக இருந்தால் ஆப்புனி போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

படி 2: விகுதியை ஒட்டுங்கள்

'செய்' என்பதற்கு வேர் கொர்.

நிகழ்காலம்: மொய் கொரோ, தொய் கொரொ, துமி கொரா, ஹி கொரே.
இறந்தகாலம்: கொரிலோ, கொரிலி, கொரிலா, கொரிலே.
எதிர்காலம்: கொரிம், கொரிபி, கொரிபா, கொரிபொ (இந்த பகரங்களை 'அம்பு'வில் வருவதுபோல் மென்மையாகச் சொல்லுங்கள்).

கொரோ, கொரிலோ இரண்டின் கடைசி ஓகாரமும் மூக்கில் ஒலிக்கும். பேச்சில் 'வந்தோம்' என்பதன் மகரத்தை விழுங்குகிறோமே, அதே ஒலி.

ஆப்புனிக்குத் தனி விகுதி கிடையாது; 'அவன்' விகுதியே: ஆப்புனி கொரே. ஆண், பெண் வேறுபாடும் இல்லை, ஒருமை, பன்மையும் இல்லை. ஆமி கொரோ என்றால் 'நாங்கள் செய்கிறோம்'. செய்கிறான், செய்கிறாள், செய்கிறார்கள் என்று பிரித்தே பழகிய நமக்கு இது பெரிய விடுதலை.

ஒரு சிக்கல்: இறந்தகாலப் படர்க்கையில் செயப்படுபொருள் குன்றிய வினைகள் பல கடைசி ஏகாரத்தை விட்டுவிடும். ஹி பாத் காலே (அவன் சோறு சாப்பிட்டான்), ஆனால் ஹி கொல் (போனான், ககரம் 'தங்கம்' போல), ஹி ஆஹில் (வந்தான்).

படி 3: மறுப்பு

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது. 'ந்' என்ற ஒலி வேருக்கு முன்னால் வரும். வேரின் முதல் உயிர் எதுவோ அதையே தானும் எடுத்துக்கொள்ளும்.

கொரோ – நொக்கொரோ (செய்வதில்லை)
காவோ – நாக்காவோ (சாப்பிடுவதில்லை)
லிக்கோ – நிலிக்கோ (எழுதுவதில்லை)
ஹுனோ – நுஹுனோ (கேட்பதில்லை)
தெக்கோ – நெதெக்கோ (பார்ப்பதில்லை)

வேர் உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்: ஆஹோ (வருகிறேன்) – நாஹோ. ஆகவே மறுப்பை மனப்பாடம் செய்ய வேண்டாம்; வேரை வாய்விட்டுச் சொன்னால் மறுப்பு தானாக வரும்.

இந்த விதிக்கு அடங்காதவை மூன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'இருக்கிறது' என்ற ஆசே, மறுப்பில் நாய் ஆகும்; நம் 'இல்லை' போலத் தனியாகவே நிற்கும். 'முடியும்' என்ற பாரோவோ பகரத்தைத் தொலைத்துவிட்டு நுவாரோ ஆகிவிடும். 'செய்துகொண்டிருக்கிறேன்', 'செய்திருக்கிறேன்' இரண்டுக்கும் கொரிசோ ஒன்றுதான். அதை மறுக்க முன்னொட்டு உதவாது, மொய் கொரா நாய் என்றே சொல்ல வேண்டும்.

படி 4: நீங்களே செய்து பாருங்கள்

'நான் எழுத மாட்டேன்', 'அவள் வரவில்லை', 'அவன் சோறு சாப்பிடவில்லை': மூன்றையும் தாளில் எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

மொய் நிலிக்கிம். தாய் நாஹில். ஹி பாத் நாக்காலே.