ஆழ்விண் அகச்சிவப்புப் படங்கள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு பெரும்பாலும் பொதுவில் கிடைப்பதால், தொலைதூர கேலக்ஸிகளைத் தேடப் புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழியில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். கோப்பை மாற்றித் திறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை.

இரைச்சலைக் குறைத்து மதிப்பிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அந்தத் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவான நிர்கேமின் நீண்ட அலைநீளப் பிரிவில் ஒரு பிக்சல் சுமார் 0.063 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). படங்களை அடுக்கிச் சேர்க்கும்போது பலரும் அதை 0.03 ஆக்குகிறார்கள். அப்போது ஒரு நிஜ பிக்சலின் இரைச்சல் நான்கைந்து புதுப் பிக்சல்களுக்குப் பங்காகிறது. படம் வழவழப்பாகிவிடும். அந்த வழவழப்பை அளந்து, பொருளின் ஒளியை அளக்கப் போடும் வட்டத்துக்குள் இருக்கும் பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கி, "பிழை இவ்வளவுதான்" என்று எழுதிவிடுகிறார்கள். அண்டைப் பிக்சல்கள் சேர்ந்தே ஏறி இறங்கும்போது அந்தக் கணக்கு செல்லாது.

ஒரு மாணவர் மங்கலான புள்ளி ஒன்றை 7 சிக்மா (இரைச்சலைப் போல் 7 மடங்கு) என்று கொண்டுவந்தார். "சரி, இதே வட்டத்தை வெற்று வானத்தில் ஓர் ஆயிரம் இடத்தில் வைத்துப் பாருங்கள்" என்றேன். மாலைக்குள் 4-க்கும் கீழே இறங்கிவிட்டது.

பெரிய நஷ்டம் இதற்கு அப்புறம்தான். தொலைதூர கேலக்ஸியின் அடையாளமே லைமன் முறிவு. கேலக்ஸியிலிருந்து கிளம்பும்போது 1216 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குக் கீழாக இருக்கும் ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், குறைந்த அலைநீள ஃபில்டர்களில் ஒன்றும் தெரியாது. பிழையைக் குறைத்துப் போட்டால் அந்தத் "தெரியவில்லை"க்கு இல்லாத உறுதி வந்துவிடும். அருகில் இருப்பது எங்கோ தொலைவுக்குத் தாவிவிடும். நிறமாலை எடுக்கத் தொலைநோக்கி நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதுவும் வீண்.

ஒரே உச்சத்தை நம்புவது

செம்பெயர்ச்சி என்பது ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு; அது கூடினால் தொலைவும் கூடும். அதன் நிகழ்தகவு வரைபடத்தில் குட்டையாக இரண்டாவது மேடு இருந்தால், அதையும் எழுதுங்கள். சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி சுமார் 16 என்று 2022-ல் பேசப்பட்டது. நிறமாலை எடுத்ததும் 4.9 என்று தெரிந்தது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகள் நீண்ட அலைநீள ஃபில்டர்களைத் தூக்கிக் காட்டியதில், முறிவு இருப்பது போலவே தெரிந்திருக்கிறது.

புள்ளியின் பரவலைப் பொருத்தாமல் நிறம் பார்ப்பது

4.4 மைக்ரானில் புள்ளி, 2 மைக்ரானில் இருப்பதைவிட இரு மடங்குக்கு மேல் பரவும். எல்லா ஃபில்டர் படங்களையும் ஒரே பரவலுக்குப் பொருத்திவிட்டு அளக்கவும்.

பழைய அளவுத்திருத்தம்

உங்களிடம் உள்ள தரவு 2022 கோடையில் இறக்கியதா? அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள்.