காற்றடி வண்டலின் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நிலவியல் பயிலும் மாணவர் ஒருவர் காஷ்மீரின் கரேவா மேடுகளில் படிந்த காற்றடி வண்டலையோ (காற்று அடித்துவந்து சேர்த்த நுண்தூசிப் படிவு) தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலையோ ஆய்வுக்கு எடுத்தால், அதன் வயதைப் பெரும்பாலும் ஒளிர்வு முறையிலேயே கணிப்பார். புதையுண்ட குவார்ட்ஸ் கனிமத் துகளில் சுற்றுமண்ணின் கதிர்வீச்சால் சேர்ந்த ஆற்றலை ஒளியாக வெளிப்படுத்தி அளந்து, ஆண்டுதோறும் சேரும் அளவால் வகுத்து, அது கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை அம்முறை சொல்லும். அதனால்தான் மாதிரியை ஒளி புகாத இரும்புக் குழாயில் எடுக்கிறோம். இதில் தவறுவோர் குறைவு.

ஈரப்பதத்தில் தவறுவோரே மிகுதி. துகள்களுக்கிடையே உள்ள நீர் கதிர்வீச்சின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், ஈரப்பதத்தை ஒரு விழுக்காடு கூட்டிக் கணித்தால் வயதும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும். சரியாக மூடப்படாமல் சென்னையின் மே மாத வெப்பத்தில் கிடந்த மாதிரியின் ஈரம் களத்தின் ஈரமாகாது. களத்திலும் பல ஆண்டுகளாகக் காய்ந்துபோன வெட்டுமுகத்தின் ஈரத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரியாகக் கொள்ளக் கூடாது.

குவார்ட்ஸுக்கு ஓர் எல்லை உண்டு. இவ்வண்டலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சுமார் 3 முதல் 4 கிரே (உறிஞ்சிய கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு சேர்வதால், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் துகள் மேலும் ஆற்றலைச் சேர்க்க இயலாத நிறைவுநிலையை நெருங்கி, உண்மையைவிட இளைய வயதைக் காட்டத் தொடங்குகிறது. அந்த எண் துல்லியமானதுபோல் தோன்றுவதே இதிலுள்ள ஆபத்து. பழைய அடுக்குகளுக்கு ஃபெல்ட்ஸ்பார் என்னும் மற்றொரு கனிமத்தை நாட வேண்டும். அதன் ஒளிர்வு காலப்போக்கில் தானாகவே கசிந்து குறைகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய பிழை, கிடைத்த வயதுக்குப் பொருள் கொள்வதில் நேர்கிறது. காற்றடி வண்டலால் (லோயஸ்) ஆன சீனாவின் லோயஸ் பீடபூமியில் குளிர்ந்த வறண்ட காலங்களில் தூசி தடித்துப் படிந்தது. பருவமழை வலுத்த காலங்களில் மண் உருவானது. அந்த மண், ஏற்கெனவே படிந்திருந்த தூசிக்குள்ளும் கீழிறங்கி வளர்ந்ததால், மண்ணடுக்கின் அடிப்பகுதியில் கிடைக்கும் வயது தூசி விழுந்த காலத்தைத்தான் குறிக்கும், மழை வலுத்த காலத்தை அன்று.

அடுக்குகளை, உலகின் பனிப்படல அளவு மாறியதைக் காட்டும் ஆழ்கடல் ஆக்சிஜன் ஐசோடோப்பு வளைகோட்டோடு பொருத்தி வயது கொடுத்துவிட்டு, பிறகு அதே வயதைக் கொண்டு பருவமழையும் பனிப்படலமும் ஒன்றாகவே மாறின என்று முடிவுகட்டுவது, விடையை முன்கூட்டியே கேள்விக்குள் வைப்பதாகும். அடுக்குகளில் பதிந்துள்ள, சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய புவிக் காந்தப்புலத் தலைகீழ் மாற்றம் உறுதியான அடையாளமே. ஆயினும் அதற்கும் மேற்பரப்புக்கும் இடையே தூசி ஒரே சீராகப் படிந்தது என்று கொள்ள முடியாது, ஏனெனில் இடையில் அரிப்பும் இடைவெளியும் இருக்கலாம். நெருக்கமாக எடுத்த ஒளிர்வு வயதுகளே அவற்றைக் காட்டும். அவற்றிலும் 5 முதல் 10 விழுக்காடு பிழைவரம்பு வழக்கமாதலால், 30,000 ஆண்டுப் படிவில் சில நூற்றாண்டுகளே நீடித்த காலநிலை மாற்றத்தை வயதை மட்டும் வைத்து இனங்காண இயலாது.