புதுப் பிக்கப்பில் சஸ்பென்ஷன் போல்ட் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வண்டிக்கு அடியில் பார்க்க ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. சக்கரங்களை வண்டியோடு இணைத்து ஆட்டத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் போல்ட்டுகள் தளர அதிக வாய்ப்புள்ள காலமே முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்தான். தொழிற்சாலையில் சரியாக இறுக்கியிருந்தாலும், ஒன்றோடொன்று அழுந்தும் இரும்புப் பரப்புகளுக்கு நடுவே பெயிண்ட் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும் இருக்கும். வண்டி ஓட ஓட அவை நசுங்கிப் படியும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு படிந்தாலே போதும், போல்ட்டின் பிடி கணிசமாகக் குறைந்துவிடும்.

பிடி குறைந்த போல்ட்டை அதிர்வு சுழற்றிக் கழற்றுகிறது. அதிலும் பக்கவாட்டில் தள்ளும் அதிர்வுதான் நட்டை அதிகமாகத் தளர்த்தும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். மலேசியாவில் பகாவ், சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் நுழைந்ததுமே வரிவரியாக எழும்பிய செம்மண் ரோடு தொடங்கிவிடும். அதில் செம்பனைக் குலையோ உரமோ ஏற்றிப் போகும் வண்டிக்கு இந்தப் பக்கவாட்டு ஆட்டம் நாள் முழுக்க உண்டு. நம் ஊர் வண்டிகளில் முதல் சர்வீஸ் பெரும்பாலும் 1,000 கிலோமீட்டரில் வருகிறது. அப்போது எண்ணெய் மாற்றியதோடு நிறுத்தாமல், 'அடியில் உள்ள போல்ட், நட்டுகளைப் பார்க்கவும்' என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கவுண்டரோடு நின்றுவிடும்.

இரண்டாவது தவறுதான் உண்மையில் அதிகம் சேதம் செய்கிறது: ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் 'இன்னும் கொஞ்சம்' இறுக்கிவிடுவது. சோதனை என்பது பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, அளப்பது. இறுக்குவது அதற்கெல்லாம் பிறகு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும். சில போல்ட்டுகளை நிறுவும்போதே குறிப்பிட்ட கோணம் வரை திருப்பி, லேசாக நீளும்படி இறுக்கியிருப்பார்கள். அவற்றை மறுபடி இறுக்கினால் நீண்டுகொண்டே போய் ஒருநாள் அறுந்துவிடும். முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையான லோவர் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகள் பல வண்டிகளில் கேம் போல்ட்டுகள். தலையருகே கோடுகள் போட்ட வட்டத் தட்டு இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரத்தின் சாய்மானமே மாறி, டயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். அங்கே முதலில் தட்டின் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, போல்ட் தலையை அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பிறகு அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

ரப்பர் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி ரப்பர் உறை உள்ள இடங்கள் இன்னும் கவனமானவை. லோவர் ஆர்ம், அப்பர் ஆர்ம், பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் முன்முனை, அதன் பின்முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் ஆகியவற்றின் நட்டுகளை வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையில் முழுதாக இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய ஈரத்துணி மாதிரி எப்போதும் திருகியே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். பழி மட்டும் ரோட்டின் மேல் விழும். குழி உள்ள பட்டறையிலோ, வண்டியை ஏற்றி நிறுத்தும் அலைன்மென்ட் மேடையிலோ செய்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வேலையைக் கொடுக்கும் முன் போர்மனிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதனையை எங்கே தொடங்குவது? பின்பக்கத்தில் 'U' வடிவில் வளைந்திருக்கும் யு போல்ட்டுகளில். ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்றவற்றில் பின் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு கட்டி வைத்திருப்பது அவைதான்: ஒரு பக்கத்துக்கு இரண்டு யு போல்ட், நான்கு நட்டு. இங்கே 2015-இல் அறிமுகமான தலைமுறை நவாரா டபுள் கேபில் பின்னால் சுருள் ஸ்பிரிங் என்பதால், அதில் ஆக்சிலைப் பிடிக்கும் லிங்க் கம்பிகளின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். யு போல்ட் தளர்ந்தால் சுமை முழுவதும் பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். அது இடத்தைக் காட்டும் ஆணிதானே தவிர, சுமை தாங்குவதற்கு வைத்ததில்லை. அது அறுந்தால் ஆக்சில் பின்னுக்கோ முன்னுக்கோ நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். ரப்பர் பால் தொட்டியோ தண்ணீர்த் தொட்டியோ ஏற்றும் வண்டிக்கு இது வெறும் எச்சரிக்கை இல்லை. 500 லிட்டர் தண்ணீரே அரை டன். பிரேக் அடிக்கும்போது அந்த எடையின் தள்ளலும் இதே இடத்தில்தான் வந்து சேரும்.

முதலில் சேற்றைக் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். காய்ந்த செம்மண் எல்லாத் தடயத்தையும் மூடிவிடும். நட்டைச் சுற்றிச் சிவப்புத் துரு கோடாக வழிந்திருந்தால் இரும்பு இரும்போடு உரசுகிறது என்று பொருள். வாஷருக்குக் கீழே பெயிண்ட் உரிந்து பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். செம்மண் எது, துரு எது என்று குழம்பினால் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிய பின் பாருங்கள். துரு அதே இடத்தில் திரும்ப வரும். நான்கு நட்டுக்கும் வெளியே நீட்டியிருக்கும் மரை ஏறத்தாழ ஒரே நீளம் இருக்க வேண்டும். கடைசியாக, ஸ்பிரிங் பட்டையின் முன் போல்ட்டிலிருந்து ஆக்சிலின் நடு வரை டேப்பால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வண்டியில் சுமை ஏற்ற வேண்டாம்.

முன்பக்கத்தில் லோவர் ஆர்ம், அப்சார்பரின் கீழ் போல்ட், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்டியரிங் ரேக்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பால் ஜாயின்ட் நட்டில் காட்டர் பின் (நட்டு சுழலாமல் தடுக்கும் வளைத்த கம்பி) இருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்தக் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பார்த்தால் சரி.

சத்தம் கேட்டதும் அப்சார்பரை மாற்றச் சொல்வது காசை வீணாக்கும் வழக்கம். வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்று கேட்டால், ஆர்மோ ஆக்சிலோ தன் இடத்தில் நகர்கிறது. சின்னச் சின்னக் குழியில் 'டக டக' என்று கேட்டால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான்.

இறுக்க வேண்டியிருந்தால், குறித்த முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சு தேவை. ஏர் கன் எவ்வளவு முறுக்கில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவை அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலிலிருந்து சர்வீஸ் சென்டரிடம் கேட்டு வாங்குங்கள். வண்டியோடு வரும் புத்தகத்தில் பெரும்பாலும் சக்கர நட்டின் அளவுதான் இருக்கும். வேறு மாடலின் எண்ணை எடுத்துப் போடுவது ஆபத்து. போல்ட் தலையில் 8.8 என்று இருப்பதும் 10.9 என்று இருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வலிமை வேறு: முன்னதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், பின்னது 1,000.

ரெஞ்சை அந்த அளவில் வைத்து, இறுக்கும் பக்கமாக மெதுவாக இழுங்கள். நட்டு நகராமலே 'கிளிக்' என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை இழுக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து கிளிக் ஆனால் அது படிந்ததால் வந்த தளர்ச்சி. கால் சுற்றுக்கு மேல் சுற்றினால் வெறுமனே இறுக்கி அனுப்பக் கூடாது. போல்ட்டைக் கழற்றி மரையும் துளையும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். யு போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில், மூன்று கட்டமாக ஏற்றுங்கள்.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 90 விழுக்காடு உராய்வுக்கே போகிறது; மீதி 10 விழுக்காடுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் போட்டு உராய்வைக் குறைத்தால், ரெஞ்சில் அதே எண் காட்டினாலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மேனுவல் தடவச் சொன்னால் மட்டும் தடவுங்கள்.

சரியாக இறுகியிருப்பது உறுதியானதும், தின்னரால் துடைத்துவிட்டு, நட்டு, போல்ட் முனை, அசையாத இரும்பு மூன்றையும் தொடும்படி பெயிண்ட் பேனாவால் ஒரே கோடு போடுங்கள். நட்டில் மட்டும் பொட்டு வைப்பதால் பயனில்லை. கோடு உடைந்திருந்தால் எது சுற்றியது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் மாதம் ஒருமுறை பார்க்க ஐந்து நிமிடம் போதும், ரெஞ்சு வேண்டியதில்லை.

தோட்ட மண்ணில் ஜாக் மட்டும் வைத்து அடியில் போகவே போகாதீர்கள். மழைக்குப் பிறகு ஜாக் சாயும். பிக்கப்பின் உயரத்துக்கு இந்தச் சோதனையில் பெரும்பகுதியைத் தூக்காமலே, சிமெண்டுத் தரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தே செய்யலாம்.

யு போல்ட் ஒருமுறை கழற்றப்பட்டால் அதைத் திரும்பப் போடாமல் புது போல்ட்டும் புது நட்டும் கேளுங்கள். சுமைக்காகக் கூடுதல் பட்டை சேர்த்தால் நீளமான யு போல்ட் தேவைப்படும். புதிதாகப் போட்டது எதுவாக இருந்தாலும், படிவது மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் இன்னொரு தடவை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்து, கோட்டைப் புதிதாகப் போட வேண்டும்.