பிரிடினில் நைட்ரோ ஏறும் வழியை ஆராய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்கு பென்சீனின் நைட்ரோ ஏற்றம், அதாவது வளையத்தில் NO₂ குழுவைச் சேர்ப்பது, அத்துப்படி. அடர் நைட்ரிக் அமிலம், அடர் கந்தக அமிலம், அப்புறம் நேர்மின்சுமை கொண்ட நைட்ரோனியம் அயனி வளையத்தைத் தாக்கும். பல்கலைக்கழகத்தில் பிரிடின் (பென்சீன் வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் இருக்கும் சேர்மம்) வந்ததும் பலர் அதே படத்தைத்தான் வரைகிறார்கள். முதல் தவறு அதுதான். பிரிடினின் நைட்ரஜன் காரத்தன்மை உடையது. அமிலக் கலவையில் விழுந்தவுடனே புரோட்டானைப் பிடித்து நேர்மின்சுமை ஏற்றுக்கொள்ளும். அந்த வளையத்தை இன்னொரு நேர்மின் அயனி எளிதில் நெருங்க முடியாது. சுமார் 300 டிகிரி வரை சூடாக்கினாலும் 3-நைட்ரோபிரிடின் (வளைய நைட்ரஜனை 1 என்று எண்ணினால் 3-ஆம் இடத்தில் நைட்ரோ ஏறியது) சில சதவீதம்தான் கிடைக்கும்.

குடுவையில் எது மிகுதியோ அதுதான் வினைபுரிகிறது என்று நம்புவது இன்னும் ஆழமான தவறு. 2,6-டைகுளோரோபிரிடின் புரோட்டான் ஏறாத வடிவில் வினைபுரிகிறது. 2,4,6-டிரைமெத்தில்பிரிடினோ புரோட்டான் ஏறிய வடிவில். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கந்தக அமிலத்தின் அடர்த்தியை மாற்றி மாற்றி வினைவேகத்தை அளந்தார்கள். உதாரணத்துக்கு குயினோலின் (பென்சீன் வளையம் ஒட்டிய பிரிடின்): அதன் நைட்ரஜனில் மெத்தில் குழுவை நிலையாகப் பூட்டிய உப்பையும் அதே நிலைமைகளில் வைத்துப் பார்த்தார்கள். அந்த உப்பால் நடுநிலை வடிவுக்குத் திரும்பவே முடியாது. குயினோலினின் வேகமும், அமிலத்தோடு அது மாறும் விதமும் அந்த உப்பை ஒத்திருந்தன. ஆகவே 5, 8 இடங்களில் நைட்ரோ ஏறுவது புரோட்டான் ஏறிய குயினோலினில்தான் என்று முடிவானது. ஒரே அமில அடர்த்தியில் எடுத்த ஒற்றை அளவை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் நார்வேயின் யான் பாக்கே குழுவினருடையது. டைநைட்ரஜன் பென்டாக்சைடோடு பிரிடினைச் சேர்த்து, பிறகு பைசல்ஃபைட்டு கரைசலில் விட்டால் 3-நைட்ரோபிரிடின் தாராளமாகக் கிடைக்கிறது. நைட்ரோ 3-ஆம் இடத்தில் இருக்கிறது, அதனால் நேரடித் தாக்குதல் என்று எழுதினால் தவறு. நைட்ரோ குழு முதலில் நைட்ரஜனில் அமர்கிறது. பைசல்ஃபைட்டு 2-ஆம் கார்பனில் சேர்கிறது. அப்புறம் நைட்ரோ 3-ஆம் கார்பனுக்கு இடம்பெயர, பைசல்ஃபைட்டு வெளியேறுகிறது. நடுவில் தோன்றும் சேர்மத்தை என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை) பிடித்ததால்தான் இந்தப் பாதைக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. கடைசி விளைபொருளை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஐசோடோப்பு சோதனையையும் சிலர் தவறாகப் படிக்கிறார்கள். ட்ரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு; கார்பனோடு அதன் பிணைப்பு மெதுவாகவே உடையும். ட்ரிட்டியம் ஏற்றிய பென்சீனில் நைட்ரோ ஏறும் வேகம் குறையவில்லை என்று சுவீடன் வேதியியலாளர் மெலாண்டர் 1950-இல் காட்டினார். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு மெதுவான படியில் உடைவதில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. அதைப் பிரிடின் வளையங்களுக்கு அப்படியே நீட்டாமல், ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.