தினமும் ஓடும் பிக்கப்புக்கு எடை குறைந்த அடித்தகடு அமைக்கும் முறை

கோயம்புத்தூரில் வாரத்தின் ஆறு நாட்கள் அலுவலகம், சந்தை, பள்ளிக்கூடம் என்று அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்துக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் கல்பாதையில் ஏறும் வண்டி என்னுடைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். பாறை அதன் வயிற்றைத் தொடுவது மாதத்தில் சில நிமிடங்கள்தான். அந்த அடியிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காக்க வண்டிக்கு அடியில் பூட்டும் அடித்தகட்டைச் சுமப்பதோ எல்லா நாளும். முன் பம்பரில் தொடங்கி டீசல் டேங்க் வரை 2 சதுர மீட்டர் பரப்பை 4 மி.மீ. இரும்புத் தகட்டால் மூடினால் ஏறக்குறைய 63 கிலோ ஆகிறது. எந்நேரமும் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுவதற்கு அது சமம். அதில் பெரும்பகுதி முன் அச்சின் மேல் விழுவதால், முன் ஸ்பிரிங் தாழ்ந்து, தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள எந்த இடைவெளி போதாமல் தகடு போட்டோமோ அந்த இடைவெளியே மேலும் குறைந்துவிடுகிறது. எனக்கு வேண்டிய காப்பு 17 கிலோவுக்குள் முடிந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் போல ஏணிச் சட்டச் சேசிஸும், இரு சக்கரமும் தனித்தனியே அசையும் முன் சஸ்பென்ஷனும் கொண்ட பிக்கப்புகளுக்கும் இதே முறை பொருந்தும்; அளவுகள் மட்டும் மாறும்.

கடைக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் போக வேண்டும். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, சமதளத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே நுழையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் உரிந்த கோடுகளும் நசுங்கிய விளிம்புகளும் நிழலோடு எழுந்து தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் வட்டங்கள் இரண்டே இடங்களில் குவிந்தன: ஒன்று ரேடியேட்டருக்குக் கீழிருந்து முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரக் கூடு) வரையிலான பகுதி, மற்றொன்று முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பின்பக்க டிஃபரன்ஷியல் திடமான அச்சுக்குள் இருப்பதால், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் அது தரையிலிருந்து டயர் கொடுக்கும் உயரத்திலேயே நிற்கும். அதன் கூடும் கனமான வார்ப்பு. முன்பக்க டிஃபரன்ஷியலோ சேசிஸோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. பள்ளத்தில் இறங்கி முன் ஸ்பிரிங் அமுங்கும் அதே நொடியில் அதுவும், அதன் அருகே இருக்கும், இன்ஜின் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பும் பாறையை நோக்கிக் கீழே வருகின்றன. ஆகவே முன்பக்கத்துக்குத் தடித்த தகடும், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பகுதிக்குச் சற்று மெல்லிய தகடும் போதும். பின் அச்சை விட்டுவிடலாம். டீசல் டேங்கில் கீறலே இல்லாதவர்கள் அதையும் விட்டுவிடலாம். எடையை உண்மையில் குறைப்பது இந்த விட்டுவிடும் முடிவுதான்.

அடுத்தது உலோகம். 3 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, 5 மி.மீ. அலுமினியம் 13.4 கிலோ. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், தகட்டின் விறைப்பு தடிமனின் கன மடங்கில் ஏறுவதால், 5 மி.மீ. அலுமினியத் தகடு 3 மி.மீ. இரும்புத் தகட்டைவிட ஒன்றரை மடங்குக்குமேல் விறைப்பாக நிற்கும். முன்பக்கம் 0.7 சதுர மீட்டருக்கு 5 மி.மீ., பின்னால் 0.5 சதுர மீட்டருக்கு 4 மி.மீ. என்று எடுத்தால் தகடு 15 கிலோவுக்குள் அடங்கும். பிராக்கெட்டும் போல்ட்டும் இன்னொரு 2 கிலோ.

கலவையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். 5052-எச்32 இதற்கு ஏற்றது. மடித்தால் விரிசல் விடாது, அடி விழுந்தால் நசுங்கும், பிறகு தட்டி நிமிர்த்தலாம். 6061-டி6 அதைவிட வலிமையானது. ஆனால் குறுகலாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் வெடிக்கும், வெல்டிங் செய்த இடத்தில் வலிமையையும் இழக்கும். லாரித் தளத்துக்கு விற்கும் பூப்போட்ட செக்கர் தகட்டை, கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், கலவை தெரியாமல் வாங்காதீர்கள். அலுமினியத்துக்கு ஒரு குறையும் உண்டு: இரும்பு பாறைமேல் வழுக்கும், அலுமினியம் பாறையைக் கவ்வும். முழு எடையையும் பாறைமேல் வைத்து இழுத்துச் செல்கிற ஓட்டம் உங்களுடையதானால் இரும்பே சரி; எப்போதாவது ஒரு தட்டு வாங்கும் வண்டிக்கு அந்தக் கவலை தேவையில்லை.

வடிவத்தை முதலில் அட்டையில் செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டி வரும் தடித்த அட்டையை வெட்டி, வண்டிக்கு அடியில் டேப்பால் ஒட்டி, போல்ட் துளைகளைக் குத்தி அடையாளமிட்டு, மடிப்புக் கோடுகளை வரைந்து பட்டறைக்கு எடுத்துச் சென்றால் பாதிச் சண்டை குறையும். முன் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். முன் தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டுக்குக் கீழாக வர வேண்டும். கூரையில் மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின்மேல் படிந்து தண்ணீரை இறக்கிவிடுவதுபோல, பாறையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடையின்றி நழுவிப் போகும். இது தலைகீழானால் பின் தகட்டின் விளிம்பு ஏர்க்கொழுவாகி மண்ணை உழும். மடிக்கும் பட்டறையில், தகட்டின் உருட்டல் கோடுகளுக்குக் குறுக்கே மடிக்கவும், மடிப்பின் உள்வளைவு தகட்டின் தடிமனைப்போல் இரு மடங்காவது இருக்கவும் சொல்லுங்கள். நீளவாக்கில் இரண்டு மடிப்புகள் வந்தாலே போதிய விறைப்பு கிடைத்துவிடும். மேலே பட்டை வைத்து வெல்டிங் செய்வது வீண் எடை.

தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் 20 மி.மீ. இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின்மேல் ஆடிக்கொண்டிருப்பதால், நின்ற வண்டியில் எடுத்த அளவு ஓடும்போது நிலைக்காது. இதைச் சோதிக்க எளிய வழி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சம்பழ அளவு உருட்டி, சம்ப்புக்கு நேராகத் தகட்டின்மேல் நான்கு இடங்களில் வைத்துப் பூட்டி, கரடுமுரடான பாதையில் ஒரு நடை போய் வருவது. கழற்றும்போது களிமண் எவ்வளவு தட்டையாகியிருக்கிறதோ அதுவே உண்மையான இடைவெளி. என் முதல் தகட்டில் ஓர் உருண்டை 6 மி.மீ. அப்பளமாக வந்தது, அந்த ஓரத்தில் பிராக்கெட்டைத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

எண்ணெய் மாற்றும் துளையிலும் நான் தவறினேன். டிரெயின் பிளக்குக்கு நேர் கீழே வட்டத் துளை போட்டிருந்தேன். ஆனால் பிளக்கைக் கழற்றியதும் எண்ணெய் முதலில் பக்கவாட்டில் பீய்ச்சி, வேகம் குறைந்த பிறகே நேராக விழும் என்பதை மறந்துவிட்டேன். சுமார் இரண்டு லிட்டர் கறுப்பு எண்ணெய் தகட்டின்மேல் தேங்கி, ஒரு வாரம் வரை வாசலில் சொட்டியது. பிளக் பார்க்கும் திசையில் நீண்ட முட்டை வடிவத் துளை போடுங்கள்.

பூட்டுவதற்குச் சேசிஸில் தொழிற்சாலையே விட்ட மரைத் துளைகளைப் பயன்படுத்துங்கள். சேசிஸில் புதிதாகத் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் கூடாது. கியர்பாக்ஸ், சம்ப் போன்ற வார்ப்புகளில் தகட்டைத் தொங்கவிடவே கூடாது, ஏனெனில் தகட்டில் விழும் அடி அப்படியே அந்த வார்ப்பைப் பிளக்கும். 8.8 வலிமைத் தர போல்ட் போதும். எம்10 (10 மி.மீ. விட்டம்) என்றால் சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்8 என்றால் சுமார் 25 என்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கலாம். போல்ட் தலை கீழே துருத்தினால் முதல் பாறையே அதைச் சீவிவிடும். தலையைத் தகட்டுக்குள் அமிழ்த்தலாம் என்றால், எம்10 சாய்தலை போல்ட்டின் தலை உயரமே 5.5 மி.மீ.; தகடோ 5 மி.மீ. ஆகவே துளையைச் சுற்றித் தகட்டையே கிண்ணம்போல் உள்ளே அழுத்தித் தலையைப் பதிப்பதுதான் சரியான வழி.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். தொடும் இரு பக்கமும் எபாக்சி பிரைமர் அடித்து, துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டைப் பயன்படுத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடும் வண்டிக்கு இது இரட்டிப்பு அவசியம். சத்தத்தைக் குறைக்கப் பலர் தடித்த ரப்பர் வாஷர் போடுகிறார்கள். ரப்பர் நாளடைவில் அமுங்க, போல்ட்டும் தளர்ந்துவிடும். ரப்பர் வேண்டுமென்றால் அதற்குள் இரும்புக் குழல் ஒன்றைச் செருகி, இறுக்கம் முழுவதும் அந்தக் குழலின்மேல் விழச் செய்யுங்கள்.

வெப்பத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டியில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் எழும். அதன் அடியில் தகட்டை மூடிவிடாமல் வெளியாகத் திறந்துவிடுங்கள். காய்ந்த புல் தகட்டின்மேல் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. சேறு வேறு வகையில் ஏமாற்றும்: ஐந்து லிட்டர் ஈரச் சேறு சுமார் 9 கிலோ, இரும்பை விட்டு அலுமினியத்துக்கு மாறி மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். அடியில் துளைகள் போட்டால் கல் சிக்கும் என்பதால், காற்றுப் பிளவுகளைப் பக்கச் சுவர்களில் பின்நோக்கி வைத்து, மிகத் தாழ்ந்த பின்விளிம்பில் 15 மி.மீ. இடைவெளி விட்டால் தண்ணீர் பாய்ச்சும்போது சேறு தானே இறங்கும்.

தகட்டை பம்பருக்கு வெளியே நீட்ட வேண்டாம். சேசிஸின் முன் நுனிகள் இரண்டையும் விறைப்பாக இணைக்கவும் வேண்டாம். மோதலில் நசுங்குவதற்கென்றே அமைந்த பகுதி அது. அங்கே விறைப்பைக் கூட்டினால் ஏர்பேக் விரியும் நேரமும் மாறக்கூடும். பம்பருக்கு முன்னால் பூட்டும் இரும்புத் தடுப்புகளான புல் பார்கள் (bull bar) மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதும் நினைவில் இருக்கட்டும்.

பூட்டி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகும், ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் குனிந்து பார்த்தால், கோடு முறிந்திருக்கும் போல்ட் தளர்ந்த போல்ட். அதைக் கழற்றி, மரையைத் துடைத்து, மரைப்பசை இட்டு மீண்டும் இறுக்குங்கள்.