கிளினிக்கைத் தவறவிட்டவர்களைத் தேடிப்போக ஒரு கைத்தொலைபேசிப் படிவம்

வன்னியில் மாங்குளத்திலோ மல்லாவியிலோ கிளினிக் நடக்கிறது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்க வரவேண்டிய ஒருவர் வரவில்லை. அதை யார் கவனிப்பது? தாதிக்கு முன்னால் வரிசை நீண்டிருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தருக்குக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கவே நாள் போதாது. அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகக்கூடியவர் அதே ஊரில் இருக்கும் சுகாதாரத் தொண்டர்தான். அவர் கைத்தொலைபேசியில் நிரப்பக்கூடிய ஒரு படிவத்தை அமைப்பது எப்படி என்று அவருக்காகவே எழுதுகிறேன். கணினிப் பழக்கம் இல்லாதவரும் செய்துபார்க்கலாம்.

நாம் பயன்படுத்தப்போவது கோபோ டூல்பொக்ஸ். படிவம் அமைத்துத் தொலைபேசியில் விவரம் சேர்ப்பதற்கு ஹார்வர்ட் மனிதாபிமான முயற்சி என்ற அமைப்பு தொடங்கிய கருவி இது. இலவசக் கணக்கு உண்டு. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் கவரேஜ் இல்லை. கோபோவின் செயலி கவரேஜ் இல்லாமலே வேலை செய்யும். வீட்டில் நிரப்பிவிட்டு, சந்திக்கு வந்ததும் அனுப்பலாம்.

முதலில் அனுமதி

உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பேசுங்கள். என்ன கேட்கப்போகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். அரச உத்தியோகத்தர்களுக்கு அவர்களுடைய பதிவேடுகள் இருக்கின்றன. இந்தப் படிவம் அவற்றுக்குப் பதில் அல்ல.

கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் செய்யவேண்டியது இது. அதிக நேரம் எடுக்கவேண்டியதும் இங்கேதான். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், “இதற்குப் பதில் கிடைத்தால் நான் என்ன செய்வேன்?” என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை வெட்டிவிடுங்கள். மாத வருமானம், மதம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பவையெல்லாம் பெரும்பாலும் இப்படியே விழுந்துவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய இவ்வளவுதான்: அவருக்கு நாம் கொடுத்த இலக்கம், வீட்டுக்குப் போன திகதி, சம்மதம், கடைசிக் கிளினிக்குக்குப் போனாரா, போகாவிட்டால் ஏன், கையில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது, இன்றைய பிரஷர், அடுத்த கிளினிக் திகதி.

“ஏன் போகவில்லை” என்ற கேள்விக்கு ஊரை அறிந்து விடைகளைக் கொடுங்கள். வயல் வேலை. பஸ் தவறியது. கூட்டிப்போக ஆள் இல்லை. மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது. சுகமாகிவிட்டதென்று நினைத்தார். காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் முதல் விடை குவிந்தால், கிளினிக் நேரத்தைப் பற்றிப் பணிமனையிடம் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும். “மருந்து மிச்சம்” என்பது அதைவிட முக்கியம். நாளுக்கு இரண்டு வேளை குடிக்கவேண்டியதை ஒரு வேளையாகக் குறைத்தவர்கள் பலர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் படிவத்தில் கேட்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். எந்த இலக்கம் யாருடையது என்பது ஒரு கொப்பியில் மட்டும் இருக்கட்டும், அந்தக் கொப்பி ஒருவருடைய பொறுப்பில் பூட்டி இருக்கட்டும்.

கணினியில் படிவத்தை அமைத்தல்

கோபோவின் இணையத்தளத்தில் கணக்குத் தொடங்கி, ‘நியூ’ என்ற பொத்தானை அழுத்தி, புதிதாகப் படிவம் அமைக்கும் வழியைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழிலேயே தட்டச்சு செய்து, அதன் வகையைக் குறியுங்கள்: திகதி, எண், ஒன்றைத் தெரிவுசெய்தல் என்று. சொற்களில் எழுதும் விடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. வெயிலில் நின்று சின்னத் திரையில் தட்டச்சு செய்வது கடினம்.

மூன்று அமைப்புகளை மறக்கவேண்டாம். பிரஷரின் மேல் எண்ணுக்கு 60 முதல் 260 வரை என்று எல்லை போடுங்கள். 140 என்பதற்கு 1400 என்று விரல் தவறினால் செயலி ஏற்காது. ‘கிளினிக்குக்குப் போகவில்லை’ என்று விடை வந்தால் மட்டும் காரணம் கேட்கும்படி விதி அமையுங்கள். சம்மதம் ‘இல்லை’ என்றால் மற்றக் கேள்விகள் எதுவும் தோன்றக்கூடாது.

இன்னொன்று. ஒவ்வொரு கேள்விக்கும் தரவுப் பத்தியின் பெயர் (பின்னர் அட்டவணையில் அதன் விடைகளுக்கு மேலே வரும் தலைப்பு) என்று ஓர் இடம் உண்டு. கேள்வி தமிழில் இருந்தால் அங்கே தானாக அமையும் பெயர் விளங்காமல் போகலாம். எனவே நீங்களே ஆங்கில எழுத்தில் சுருக்கமாக ஒரு பெயர் கொடுங்கள். வவுனியாவின் சில பகுதிகளில் சிங்களம் பேசும் குடும்பங்களும் இருப்பதால், அங்கே வேலை செய்பவர்கள் அதே படிவத்தில் சிங்களத்தையும் இரண்டாம் மொழியாகச் சேர்க்கலாம்.

முடிந்ததும், படிவத்தைப் பயன்பாட்டுக்கு விடும் ‘டிப்ளாய்’ என்பதை அழுத்துங்கள். பின்னர் படிவத்தைத் திருத்தினால் மீண்டும் அழுத்தவேண்டும். தொலைபேசிகளிலும் புதிய படிவத்தை மீண்டும் இறக்கவேண்டும்.

தொலைபேசியில்

கோபோகலெக்ட் செயலி அண்ட்ரொய்ட் தொலைபேசியில்தான் இயங்கும். நிறுவியபின் சேவையக முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் கேட்கும். முகவரி உங்கள் படிவப் பக்கத்தில், அண்ட்ரொய்ட் வழியாகத் தரவு சேர்க்கும் பகுதியில் இருக்கும். அதை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். பிறகு கவரேஜ் உள்ள இடத்தில் வெற்றுப் படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியின் திகதி சரியா என்று பாருங்கள். திரைக்குப் பூட்டு போடுங்கள்.

வீட்டில்

வன்னி மக்கள், போர் முடிந்த 2009இல் முகாம்களில் தொடங்கி, மீள்குடியேற்றம், நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று எத்தனையோ பட்டியல்களில் பெயர் கொடுத்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதிக்கொண்டு போன விவரம் எங்கே போனது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தால் முகம் இறுகுவதற்கு அது நியாயமான காரணம். ஆகவே தொலைபேசியைப் பையில் வைத்துக்கொண்டே முதலில் பேசுங்கள். பிறகு இப்படிக் கேட்கலாம்:

“அம்மா, உங்களுடைய பிரஷரையும் அடுத்த கிளினிக் திகதியையும் இதில் குறித்துக்கொள்ளலாமா? கிளினிக் மிஸ்ஸிக்கு மட்டும்தான் காட்டுவேன். வேண்டாம் என்றால் குறிக்கமாட்டேன். அதற்காக உங்களைப் பார்க்க வருவதை நிறுத்தமாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்திருக்கிறது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் கேட்கவேண்டிய சம்மதம் இது. நிரப்பும்போது திரையை அவர் பக்கம் திருப்பி, எழுதுவதை வாசித்துக் காட்டுங்கள்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் தேநீர் குடித்திருந்தால், புகைத்திருந்தால் சற்றுப் பொறுங்கள். கை இதய மட்டத்தில் தாங்கலாக இருக்கவேண்டும். 180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால் சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், உடலின் ஒரு பக்கம் சோர்வு, பேச்சுக் குழறல் இருந்தால் படிவத்தை மூடிவிட்டு 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ தொண்டர் சொல்லக்கூடாது.

அனுப்புதலும் அதற்குப் பிறகும்

நிரப்பிய படிவத்தை வரைவாக விடாமல் முடித்துச் சேமியுங்கள். கவரேஜ் வந்ததும் ‘அனுப்பத் தயார்’ பகுதியிலிருந்து அனுப்பலாம். அனுப்பும் முன் செயலியை நீக்கினாலோ அதன் தரவை அழித்தாலோ அன்றைய வேலை முழுவதும் போய்விடும்.

தரவைக் கணினியில் எக்ஸ்எல்எஸ் (எக்ஸெல் அட்டவணை) வடிவில் இறக்குங்கள். சிஎஸ்வி என்ற வெற்றெழுத்துக் கோப்பை எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். கையில் மருந்து ஏழு நாளுக்கும் குறைவாக இருப்பவர்கள் மேலே வரும்படி வரிசைப்படுத்தினால், அடுத்த வாரம் யாருடைய வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். கிளினிக்குக்கு முதல் நாள் அந்தப் பட்டியலைத் தாதியிடம் கொடுங்கள்; கிளினிக் முடிந்ததும் யார் வரவில்லை என்று கேட்டு வாங்குங்கள். பட்டியலை வைபர், வட்ஸ்அப் குழுக்களில் போடவேண்டாம்.

தொண்டர் ஒருவர் விலகினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவருடைய தொலைபேசியில் அனுப்பாத படிவம் எதுவும் இல்லையென்று பார்த்தபின் செயலியை நீக்குங்கள். அவர் வழக்கமாகப் போய்வந்த வீடுகளுக்குப் புதியவரை ஒரு தடவையாவது அவரே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தட்டும்.