ஹெவிவெயிட் பட்டச் சண்டைச் செய்தியைப் படிக்கும் முறை

குத்துச்சண்டையில் ஒரு ஹெவிவெயிட் (உச்ச எடைப் பிரிவு) சண்டை "உறுதி" என்று செய்தி வந்தால், முதல் வேலையாகப் போன சண்டையின் ஒப்பந்தத்தைத் தோண்டுங்கள். 2021 மே மாதம் அப்போதைய சாம்பியன் டைசன் ஃபியூரியே வீடியோவில் வந்து, ஆகஸ்ட் 14 அன்று சவுதியில் இன்னொரு சாம்பியன் அந்தனி ஜோஷுவாவுடன் மோதப்போவதாகச் சொன்னார். மறுநாளே அமெரிக்காவில் ஒப்பந்தத் தகராறை விசாரித்த மத்தியஸ்தரின் தீர்ப்பு வந்தது: டியோன்டே வைல்டருக்கு மூன்றாவது சண்டை பாக்கி இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டுப் போங்கள். 2020-ல் வைல்டரை ஃபியூரி வீழ்த்தினாரே, அந்தச் சண்டையின் ஒப்பந்தத்திலேயே இதற்கான ஷரத்து இருந்தது. காலாவதியாகிவிட்டது என்று ஃபியூரி தரப்பு வாதாடியது, எடுபடவில்லை. நான்கு உலகப் பட்ட பெல்ட்டும் ஒரே மேடைக்கு வந்திருக்க வேண்டிய சண்டை போயே போயிற்று. ஃபியூரி வைல்டரிடம் திரும்பினார். ஜோஷுவா உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் போய் மூன்று பெல்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தார். ஆகவே, தோற்றவர் கேட்டால் ரீமேட்ச், அதாவது அதே ஆளுடன் மறுசண்டை, உண்டு என்ற ஷரத்து பெரிய ஒப்பந்தங்களில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

அடுத்து, எந்தெந்த பெல்ட் என்று பாருங்கள். உலகப் பட்டம் கொடுக்க டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள். நான்குக்கும் பிழைப்பு ஒன்றுதான்: பட்டச் சண்டையில் வீரர் வாங்கும் சம்பளத்தில் பொதுவாக 3 சதவீதம் அளவில் கட்டணம். சண்டை நடக்காவிட்டால் வரும்படி கிடையாது. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அமைப்பும் தன் தரவரிசையிலிருந்து ஒருவரைக் கட்டாயப் போட்டியாளராக, அவர்கள் மொழியில் மேண்டேட்டரியாக, நிறுத்திவைக்கும். நான்கு பெல்ட்டும் வைத்திருப்பவரின் வாசலில் நான்கு பேர் காத்திருப்பார்கள். யாருடைய முறை என்று அமைப்புகள் தங்களுக்குள் சுழற்சி வைத்துக்கொள்ளும். அந்தச் சுழற்சியில் விட்டுக்கொடுக்காத ஆசாமி ஐபிஎஃப்.

2015 நவம்பர் 28 அன்று டுசெல்டோர்ஃபில் விளாடிமிர் கிளிச்கோவை ஃபியூரி தோற்கடித்தார். பத்தே நாளில் ஐபிஎஃப் பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. காரணம், அவர் கிளிச்கோவுக்கு ரீமேட்ச் தர ஒப்பந்தப்படி கட்டுப்பட்டிருந்தார். ஐபிஎஃப்போ கிளாஸ்கோவ் என்ற உக்ரைன்காரருடன் மோதச் சொன்னது. காலியான பெல்ட்டுக்கு கிளாஸ்கோவும் சார்லஸ் மார்ட்டினும் மோதினார்கள். கிளாஸ்கோவின் முழங்கால் மடங்கியது, மார்ட்டின் உலக சாம்பியன் ஆனார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. லண்டனில் ஜோஷுவா அவரை இரண்டாவது சுற்றிலேயே முடித்துவிட்டார். 2024-லும் இதே கதைதான். மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை வென்று உசிக் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட்டார், அது டேனியல் டுபுவாவின் இடுப்புக்குப் போனது.

ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கை மாறும்போதெல்லாம், சண்டையில் மாறினால் "ரிங்", அமைப்பின் முடிவாலோ வீரர் விட்டுக்கொடுத்தோ மாறினால் "ஆபீஸ்" என்று அடியில் எழுதுங்கள். என் நோட்டில் ஆபீஸ்தான் அதிகம். 1978-ல் அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸிடமிருந்து டபிள்யூபிசி பட்டத்தைப் பறித்து கென் நார்ட்டனிடம் கொடுத்தார்கள். ஒரு பட்டச் சண்டையும் ஜெயிக்காமலே சாம்பியன் ஆனவர் அவர். நல்ல வீரர், அந்தக் குறை அவருடையதல்ல. 1992-ல் ரிடிக் போ லெனாக்ஸ் லூயிஸுடன் மோத மனமில்லாமல், கேமராக்கள் முன்னால் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸ் வீட்டிலிருந்தபடியே சாம்பியன்.

டபிள்யூபிஏ பக்கத்தில் மட்டும் கூடுதல் கவனம். "சூப்பர்", "ரெகுலர்" என்று ஒரே எடையில் இரண்டு சாம்பியன்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. ரெகுலர் என்று கண்டால் வெறும் போட்டியாளர் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நான் பொதுப்பணித்துறை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்கு எழுதியவன். சண்டையை ஏற்பாடு செய்யும் இரண்டு ப்ரமோட்டர்களுக்குள் பேச்சு முறிந்தால் அமைப்பு நடத்தும் பர்ஸ் பிட், எனக்குப் பழகிய சீல் வைத்த உறை டெண்டர்தான். ஒரு வித்தியாசம், இங்கே அதிகத் தொகை எழுதியவருக்கு வேலை. 2013-ல் கிளிச்கோ–பொவெட்கின் சண்டைக்கு கிளிச்கோவின் சொந்த நிறுவனம் எழுதியது சுமார் 71 லட்சம் டாலர். ரஷ்ய ப்ரமோட்டர் எழுதியது 2 கோடியே 32 லட்சம். மும்மடங்கு! மாஸ்கோவில் சொந்த ஊர்க்காரனை மேடையேற்ற வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை அது. எதிராளி எழுதிய தொகையில் 75 சதவீதத்தை வாங்கிக்கொண்டு போய், பொவெட்கினையும் தோற்கடித்துவிட்டு வந்தார் கிளிச்கோ. 2022-ல் ஃபியூரி–டில்லியன் வைட் சண்டைக்கு ஃபியூரியின் ப்ரமோட்டர் ஃபிராங்க் வாரன் 4 கோடியே 10 லட்சம் டாலர் எழுதினார்; சாம்பியனுக்கும் எதிராளிக்கும் 80-20 என்று டபிள்யூபிசி பங்கு வைத்தது. செய்தியில் மொத்தத் தொகையைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். பங்கு விகிதத்தைத் தேடுங்கள். சண்டையை எந்தப் பக்கம் தட்டிக்கழிக்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.

தரவரிசையைப் படிக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் அவரவர் ப்ரமோட்டரையும் எழுதுங்கள். 1995-ல் ஜார்ஜ் ஃபோர்மன், தரவரிசையில் இல்லாதிருந்த ஆக்ஸல் ஷுல்ஸுடன் ஐபிஎஃப் பட்டத்துக்கு மோதினார். அந்த அனுமதிக்காக 1 லட்சம் டாலர் கொடுத்ததாக ப்ரமோட்டர் பாப் ஏரம் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 1999-ல் ஐபிஎஃப் நிறுவனர் பாப் லீ மீது வழக்கு. லஞ்சக் குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பினார்; பணச் சலவை, வரி ஏய்ப்பில் மாட்டி 22 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ப்ரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, தரவரிசை முறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2000-ல் அலி பெயரில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ரியாத்தில் நடக்கும் சண்டைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை.

ஒளிபரப்பு பற்றிச் சுருக்கமாக: ஒரு காலத்தில் அமெரிக்க டிவி நிறுவனங்களான ஹெச்பிஓவும் ஷோடைமும் மதில் எழுப்பி நின்றன. லூயிஸ்–டைசன் சண்டைக்காக 2002-ல் மெம்ஃபிஸில் ஒருமுறை கை கோத்தன. வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத பிரிட்டிஷ் ப்ரமோட்டர்கள் எடி ஹெர்னையும் வாரனையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது சவுதியின் துர்கி அல்-ஷேக் கொண்டுவந்த பணம். ஆகவே இப்போது ரியாத்துக்கு அந்தச் சண்டையில் விருப்பம் உண்டா என்றும் விசாரியுங்கள்.

பழகிப்பார்க்க ஒன்று. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை வீழ்த்தி உசிக் மீண்டும் நான்கையும் சேர்த்தார். டபிள்யூபிஓவின் முறை வந்தது. வரிசையில் நின்றவர் ஜோசஃப் பார்க்கர். உசிக் காயம் என்றார். சும்மா இருக்கமுடியாமல் பார்க்கர் அக்டோபரில் லண்டனில் ஃபேபியோ வார்ட்லியுடன் மோதி 11-ஆவது சுற்றில் தோற்றார். நம் ஊரில் அது விடியாத நேரம், காப்பி போட்டுக்கொண்டு பார்த்தேன். நவம்பரில் உசிக் டபிள்யூபிஓ பெல்ட்டை விட்டார், இடைக்கால சாம்பியனாக இருந்த வார்ட்லி முழு சாம்பியன் ஆனார். டபிள்யூபிஓ பக்கத்தைத் திறந்து வார்ட்லி பெயரை எழுதுங்கள். அடியில் என்ன எழுதுவீர்கள்? பார்க்கரை ரிங்கில்தான் அடித்தார், ஆனால் அன்று பார்க்கரிடம் இருந்தது இடைக்காலப் பட்டம்தான், முழுப் பெல்ட் இல்லை. நான் ஆபீஸ் என்றுதான் எழுதியிருக்கிறேன்.